ஏஜென்ட் கொழும்பில், வண்டி நடுரோட்டில்

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது, எங்கள் தெருவில் சீமெந்துக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, நமது இளம் வியாபாரிகள் பலருக்குப் புதிய வண்டி ஆசை வந்திருக்கின்றது. அவருக்கும் அதே ஆசைதான்.

"காக்கா, ஒரு புல்லட் எடுக்கலாமென்று இருக்கேன். நீங்க இருபது வருசமா ஓட்டுறீங்க. எடுக்கலாமா, வேணாமா?" என்று கேட்டார்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த இருபது வருடத்தில் ஒரு நாள் எனக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் பதில் சொன்னால் அது சரியான ஆலோசனையாக இருக்காது. ஆகவே அவரை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்து முழுக் கதையையும் சொன்னேன். கடைத்தெருவில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது பயன்படும் என்பதால் இந்த வாரம் இங்கும் எழுதுகின்றேன்.

ஆசையில் எடுத்த வண்டி

நான் அக்கரைப்பற்றில் இரும்புச் சாமான், தண்ணீர்ப் பம்பு, குழாய், பெயாரிங் வியாபாரம் செய்பவன். 2004இல் கண்டிப் பக்கமிருந்து ஒருவரிடம் பழைய ரோயல் என்பீல்ட் புல்லட் 350 ஒன்றை வாங்கினேன். வயல் வெளிகளுக்குச் சாமான் கொண்டு போகப் பாரம் தாங்கும் வண்டி வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தச் சத்தத்தின் மீது சிறு வயதிலிருந்து இருந்த ஆசை.

புல்லட் இங்கிலாந்தில் பிறந்த வண்டி. 1955 முதல் அன்றைய மெட்ராஸில், திருவொற்றியூர் பக்கத்தில் தயாரானது. 70 மில்லிமீற்றர் போர், 90 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக், 346 சி.சி. எஞ்சினும் கியர்பொக்ஸும் தனித்தனி. இங்கிலாந்துக் கம்பனி மூடப்பட்ட பிறகும் இந்தியாவில் அதே இரும்பு எஞ்சினை 2010 அளவு வரை பெரிய மாற்றமில்லாமல் செய்து வந்தார்கள். பழைய வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நமது ஊர்ப் பொடியன்மார் இரவலுக்கு எடுத்தால் கியர் போட நினைத்துப் பிரேக்கை மிதிப்பார்கள்.

வாங்கும்போது நான் விலையைக் கேட்டேன், கிலோமீற்றரைப் பார்த்தேன், புத்தகத்தைப் பார்த்தேன். ஒன்றை மட்டும் கேட்கவில்லை: இது பழுதானால் யார் பார்ப்பது? எங்கள் ஊர் கராஜ்களில் ஜப்பான் வண்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். இந்த வண்டியைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. சாமான் வேண்டுமென்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். ஒரு வியாபாரி சாமான் எடுக்கும்போது அது திரும்பி வந்தால் என்ன செய்வது என்று முதலில் யோசிப்பான். என் சொந்த வண்டியில் நான் அதை யோசிக்கவில்லை.

அந்த மார்ச் மாதம்

2013 மார்ச். பெரும்போக அறுவடை முடிந்து கடன் காசு வரும் காலம். கொழும்பு பழைய சோனகத் தெருவில் எனக்குச் சாமான் தரும் மொத்த வியாபாரி ஒருவருக்கு மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாவுக்கு செக் கொடுத்திருந்தேன். பத்து வருடத்துக்கு மேல் அவரிடம் கொடுக்கல் வாங்கல். எனது செக் ஒன்றுகூடத் திரும்பியதில்லை. அன்று செக் வங்கிக்கு வருகின்றது. கணக்கில் போதிய காசில்லை. பொத்துவிலில் மூன்று கடைக்காரர் தர வேண்டிய காசை வாங்கி வந்து மூன்று மணிக்குள் வங்கியில் போட்டுவிடலாம் என்று காலையில் புல்லட்டில் புறப்பட்டேன்.

காசு முழுவதும் கிடைத்தது. பகல் ஒரு மணிக்குத் திரும்பினேன். கோமாரியைத் தாண்டியதும் வண்டி இருமியது, நின்றது. பத்து நிமிடம் ஆறவிட்டு உதைத்தேன், ஸ்டார்ட் ஆனது. மூன்று நான்கு கிலோமீற்றர் போனதும் மறுபடி நின்றது. மறுபடி ஆறவிட்டேன், மறுபடி ஸ்டார்ட் ஆனது. வண்டியை ஓரத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒவ்வொரு முறையும் அது ஸ்டார்ட் ஆனதால்தான் நான் ஏமாந்தேன். இனி நிற்காது என்று நினைத்தே ஒன்றரை மணித்தியாலத்தைத் தொலைத்தேன். கடைசியில் ஒரு லேண்ட்மாஸ்டர் பெட்டியில் வண்டியை ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேரும்போது மணி நான்காகிவிட்டது. பை நிறையக் காசு மடியில் இருக்க, என் செக் திரும்பிவிட்டது.

அன்றிரவே கொழும்பு பஸ்ஸில் ஏறி, மறுநாள் காலை அந்தக் கடை திறக்கும்போது காசுடன் வாசலில் நின்றேன். அவர் நல்ல மனிதர். காசை எண்ணி வாங்கினார், தேநீர் தந்தார், நடந்ததைக் கேட்டார். புறப்படும்போது மெதுவாகச் சொன்னார்: "தம்பி, குறை நினைக்காதீங்க. இனிக் கொஞ்ச நாளைக்குக் காசுக்கே எடுங்க."

அந்தக் கொஞ்ச நாள் எட்டு மாதம் நீடித்தது. சிறுபோகத்துக்குப் பம்பு கேட்டு வந்த விவசாயிகளுக்குக் கொடுக்கச் சாமானில்லாமல் அடுத்த கடைக்கு அனுப்பினேன். அவர்களில் சிலர் இன்றும் அந்தக் கடைக்குத்தான் போகிறார்கள்.

பழுது எது?

வண்டியை நிறுத்தியது கொண்டென்சர். கட்டைவிரல் அளவுகூட இல்லாத சின்னஞ்சிறு உருளை. அன்றைய விலை ஒரு சோற்றுப் பார்சல் அளவுதான். பொயின்ட் திறக்கும் நேரத்தில் அங்கே பாயும் பொறியை அடக்கி, கொயிலில் கரண்டைச் சட்டென்று அறுப்பது அதன் வேலை. அது கெடத் தொடங்கினால் வண்டி சூடானதும் நிற்கும், ஆறியதும் ஓடும். பொயின்டின் முகம் கருகிப் போகும்.

இந்த அடையாளங்கள் எல்லாம் அதற்கு ஒரு மாதம் முன்பே என் வண்டியில் தெரிந்தன. சூடானபோது இரண்டு முறை நின்றது. கராஜில் பிளக் மாற்றினார்கள். கருகிய பொயின்டை அரத்தாளால் தேய்த்தார்கள். இரண்டு கிழமையில் திரும்பவும் கருகியது. கொழும்பில் ஓர் இடத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். "வண்டியைக் கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றார்கள். ஒரு கொண்டென்சருக்காக முந்நூறு கிலோமீற்றரா என்று விட்டுவிட்டேன். அவர்களையும் கராஜ்காரரையும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. வண்டி என்னுடையது. அது சொன்னதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

கற்றுக்கொண்ட விதம்

2014இல் உம்மாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போனேன். ஆஸ்பத்திரி வேலை முடிந்த ஒரு நாள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் போய் வந்தேன். நமது பஞ்சிகாவத்தையைப் போல மோட்டார் சாமான் நிறைந்த இடங்கள். அங்கே எனக்குக் கிடைத்த மிகப் பெறுமதியான சாமான் உதிரிப்பாகம் அல்ல. புல்லட்டின் திருத்தும் கைநூலின் போட்டோ பிரதி ஒன்று. ஊருக்கு வந்து மூன்று மாதம், இரவில் கடை மூடிய பின் ஒவ்வொரு பக்கமாக வாசித்தேன். விளங்காததை வண்டியைத் திறந்து பார்த்து விளங்கிக்கொண்டேன்.

அன்று முதல் வெள்ளிக்கிழமை காலை அரை மணித்தியாலம் வண்டிக்கு ஒதுக்கியிருக்கின்றேன். செய்வது பெரிய வேலையல்ல.

ஒன்று, நட்டுகள். தனிச் சிலிண்டர் வண்டியின் அதிர்வில் எந்த நட்டும் மெல்ல மெல்லத் தளரும். சுற்றிவர ஒரு முறை கைவைத்துப் பார்க்கின்றேன். பழைய புல்லட்டில் அங்குல நட்டும் மில்லிமீற்றர் நட்டும் கலந்திருக்கும். பொருந்தாத ஸ்பெனரைப் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். ஆகவே இரண்டு வகை ஸ்பெனரும் வேண்டும்.

இரண்டு, ஒயில். அளவு பார்ப்பேன். 2,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றுவேன், வடியையும் பார்ப்பேன். மாற்றியபின் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மேலே தலைக்குப் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால் ஒயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் மேலே ஒயில் ஏறவில்லை. உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

மூன்று, பொயின்ட். மாதம் ஒரு முறை பீலர் கேஜ் வைத்துப் பார்ப்பேன். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும்.

நான்கு, டெப்பட். எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வும் மூடிய நிலையில், தள்ளுதண்டு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இதற்குக் கருவிகூடத் தேவையில்லை, விரல் போதும்.

ஐந்து, பிளக். கழற்றி நிறத்தைப் பார்ப்பேன். கபில நிறமென்றால் நல்லது. கரி பிடித்திருந்தால் பெற்றோல் அதிகம் போகின்றது. வெளுத்திருந்தால் குறைவாகப் போகின்றது. வெளுத்த நிலையில் ஓட்டினால் எஞ்சின் சூடேறிப் பெரிய செலவு வைக்கும்.

இவற்றோடு செயினுக்கு ஒயில், அதன் தொய்வு ஓர் அங்குலமளவில் இருக்கின்றதா என்ற பார்வை. நாங்கள் கடலோரத்தில் இருப்பதால் உப்புக் காற்றுக்கு எதிராக ஸ்போக்கிலும் வயர் முனைகளிலும் ஒரு துடைப்பு. அவ்வளவுதான்.

பிழை விடாமல் கற்றேன் என்று நினைக்க வேண்டாம். முதல் தடவை ஒயில் மாற்றிவிட்டு, ஒழுகக் கூடாதே என்ற பயத்தில் வடிகால் போல்ட்டை முழுப் பலத்துடன் இறுக்கினேன். அலுமினியத்தின் புரி கழன்று வந்துவிட்டது. லேத்காரரிடம் கொடுத்துப் புதிய புரி போட நான்கு நாள் ஆனது. பலத்தால் இறுக்குவது வேறு, அளவாக இறுக்குவது வேறு என்பதை அந்த நான்கு நாள் பஸ் பயணத்தில் கற்றேன்.

வண்டிக்கும் ஒரு பேரேடு

கடைக்குக் கணக்குக் கொப்பி வைத்திருப்பதைப் போல வண்டிக்கும் ஒன்று வைத்திருக்கின்றேன். திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, போட்ட சாமான், விலை, வாங்கிய இடம். முதலில் இது வீண் வேலை என்று மகன் சிரித்தான். இரண்டு வருடத்தில் அந்தக் கொப்பி பேசத் தொடங்கியது. கிளச் கேபிள் எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை அறுகின்றது, எந்தக் கடையில் வாங்கிய பொயின்ட் சீக்கிரம் தேய்கின்றது, எது நீடிக்கின்றது எல்லாம் அதில் தெரிந்தது. கேபிள் அறுமுன் மாற்றலாம். மலிவாக வாங்கியது உண்மையில் மலிவா என்றும் பார்க்கலாம்.

அடுத்தது ஸ்டொக். தூரத்தில் இருப்பவன் எல்லாச் சாமானையும் வாங்கி வைத்தால் முதல் முடங்கும். ஒன்றும் வைக்காவிட்டால் வண்டி முடங்கும். நான் மூன்று கேள்வி கேட்டு ஸ்டொக் பண்ணுகின்றேன். இது இல்லாவிட்டால் வண்டி நடுவழியில் நிற்குமா? வரவழைக்கப் பல நாள் எடுக்குமா? எங்கள் ஊரில் இதைச் செய்ய முடியாதா? மூன்றுக்கும் ஆம் என்றால் இரண்டு வாங்கி வைப்பேன். கொண்டென்சர், பொயின்ட், கேபிள் வகைகள், ஒயில் பில்டர், கெஸ்கட் எல்லாம் அப்படித்தான். பிளக், பியூஸ், செயின் பூட்டு, டியூப், மாற்றுக் கொண்டென்சர் ஆகியவை வண்டியின் பக்கப் பெட்டியிலேயே இருக்கும். புதிய கிளச் கேபிள் ஒன்றைப் பழையதோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கின்றேன். அறுந்தால் இரண்டு முனையை மாற்றினால் போதும்.

இன்னொரு விடயம். கம்பனிப் பெயர் சொல்லித்தான் எல்லாம் வாங்க வேண்டும் என்றில்லை. பெயாரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6204 என்றால் உலகில் எங்கு வாங்கினாலும் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீற்றர்தான். ஒரு முறை பெயாரிங் ஒன்றுக்காகக் கொழும்புக்குச் சொல்லிவிட்டுப் பத்து நாள் காத்திருந்தேன். பிறகு பழையதைத் துடைத்து எண்ணைப் பார்த்தால், தண்ணீர்ப் பம்புக்காக நான் விற்கும் அதே பெயாரிங். என் கடை றாக்கையிலேயே இருந்தது! ஒயில் சீலும் அப்படித்தான், அளவு சொன்னால் கிடைக்கும்.

கை வைக்கக் கூடாத இடம்

எல்லாவற்றையும் நானே செய்வேன் என்று நிற்பதும் நட்டம்தான். சிலிண்டர் போர் அடிப்பது, கிராங்கின் பெரிய பெயாரிங், கியர்பொக்ஸின் உள்வேலை, வீல் வளைவு எடுப்பது ஆகியவற்றுக்கு இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். அவற்றுக்கு நான் எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, தெரிந்த லொறியில் கொழும்புக்கு அனுப்புவேன். ஆனால் என்ன பழுது, எதை மாற்ற வேண்டும் என்று எழுதியே அனுப்புவேன். வண்டியைப் பற்றித் தெரிந்தவனுக்கு மெக்கானிக் தரும் மரியாதையும் வேறு, போடும் பில்லும் வேறு.

2022 வந்தபோது

2020இல் இறக்குமதி நின்று, 2022இல் ரூபாவும் விழுந்தபோது, சாமான் விலை நினைக்க முடியாத இடத்துக்குப் போனது. காசிருந்தாலும் சாமான் இல்லை. எனது தகரப் பெட்டி அப்போதுதான் தன் முதலைத் திருப்பித் தந்தது. கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் கிடைத்த நாட்களில், காபரேட்டரைச் சரியாக வைத்திருந்ததால் என் புல்லட் லீற்றருக்கு முப்பது கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடியது. நூற்றிருபது கிலோமீற்றருக்குள் ஒரு கிழமை வசூலை முடித்தேன்.

அந்த நாட்களில் சம்மாந்துறையிலிருந்து இதே வண்டி வைத்திருந்த ஒருவர் கொண்டென்சர் தேடி வந்தார். இருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்தேன். கேட்ட விலை தருவதாகச் சொன்னார். வாங்கிய விலையை மட்டும் எடுத்தேன். நடுரோட்டில் அந்தச் சாமான் இல்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தம்பிக்குச் சொன்ன பதில்

இனிச் சீமெந்துக் கடைத் தம்பியின் கேள்விக்கு வருவோம். அவர் எடுக்க நினைப்பது புதிய புல்லட். 349 சி.சி., பழைய இரும்பு எஞ்சின் அல்ல. அதில் பொயின்ட் இல்லை, கொண்டென்சர் இல்லை, காபரேட்டரும் இல்லை. பெற்றோலைக் கொம்பியூட்டர் அளந்து ஊற்றுகின்றது. என் வண்டி போல அடிக்கடி கவனிப்புக் கேட்காது. ஆனால் அதன் சென்சர் ஒன்று நின்றால் அரத்தாளாலும் ஸ்பெனராலும் ஒன்றும் செய்ய முடியாது. பழுதைப் படிக்கும் கருவி உள்ளவரிடம்தான் போக வேண்டும்.

ஆகவே அவரிடம் சொன்னேன்: "தம்பி, விலையைக் கடைசியில் கேளுங்க. முதலில் நாலு விசயம் கேளுங்க. ஆகக் கிட்டிய சேர்விஸ் இடம் நம்ம ஊரிலிருந்து எத்தனை கிலோமீற்றர்? கொம்பியூட்டரைப் பார்க்கும் கருவி அங்கே இருக்கா? கேபிள், பிரேக், பில்டர் போன்ற தேய்மானச் சாமான் அவங்க ஸ்டொக்கில் இருக்கா, ஓடருக்கா? வாரண்டி காலத்தில் நாமே ஒயில் மாற்றினால் வாரண்டி போகுமா? நாலுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்க. பிறகு, அது பத்து நாள் நின்றாலும் உங்க வியாபாரம் நிற்காதா என்று உங்களையே கேளுங்க. நிற்காது என்றால் எடுங்க."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வசூலுக்குப் பழைய வண்டியையும் வைத்துக்கொள்ளுறேன் காக்கா" என்றார். அது நல்ல யோசனை. எனக்கு 2013இல் அந்த யோசனை வரவில்லை.

பழைய சோனகத் தெரு வியாபாரி இப்போது முதுமையில் வீட்டோடு இருக்கிறார். அவரது மகன்தான் கடையைப் பார்க்கிறார். கடனுக்குச் சாமான் வருகின்றது, செக் ஒன்றும் திரும்புவதில்லை. கருகிப்போன அந்தக் கொண்டென்சரைக் கடை லாச்சியில் செக் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கின்றேன். செக் எழுதும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

உங்கள் கடையிலும் லொறியோ, அரைக்கும் மில்லோ, குளிர்பெட்டியோ, தராசோ இருக்கும். அதன் ஏஜென்டும் தூரத்தில்தான் இருப்பார். அதன் கைநூல் எங்கே இருக்கின்றது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.